கொலுவில் வைத்த மர்ஃபி

டிரங்குப் பெட்டி, அரிசி டின், தாத்தாவின் சட்டப் புத்தகங்கள் எல்லாவற்றையும் அடுக்கியும் ஆறு படிதான் தேறிற்று. கொலுவோ ஒற்றைப்படையில் இருந்தாக வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில், ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் எங்கள் ஆத்து மர்ஃபி ரேடியோ ஏழாம் படியாக உத்தியோகம் ஏற்றது இப்படித்தான். தலைமேல் தசாவதாரம், வயிற்றுக்குள் திருச்சி வானொலிக் கச்சேரி.

விஜயதசமிக்கு மறுநாள், பொம்மையெல்லாம் எடுத்தாச்சு என்று மாமா படி மேல் விரித்த வேட்டியை ஒரே இழுப்பாக இழுத்தார். வேட்டி வந்தது. மர்ஃபியும் வந்தது.

தாத்தா எழுந்து வந்து பார்த்தார். 1939 மே 16-ல் திருச்சி நிலையம் பேச ஆரம்பித்த நாள் முதல் கேட்டு வருவதாகச் சொல்லிக்கொள்பவர். ஆத்துக்கு ரேடியோ வந்ததோ சுதந்திரத்துக்கு அப்புறம். அவருடைய முதல் கவலை தபாலாபீஸ் லைசென்ஸ். "பதினஞ்சு ரூபா கட்டியிருக்கேனே, பேசாத ரேடியோவுக்குப் பாதியாவது திருப்பித் தருவாளோடா?"

மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு மெக்கானிக் பின்மூடியைக் கழற்றி மோந்து பார்த்தார். ஈஎல்84 வால்வு நொறுங்கிவிட்டது, டயல் கயிறு அறுந்துவிட்டது, மெட்ராஸில் சொல்லி வைக்கணும். எங்கள் ஊர்ப்பிள்ளை எழுத்தாளர் சுஜாதா அப்போது பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் எஞ்சினியர். எங்கள் தெருவிலோ சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர் ஒருத்தரும் இல்லை.

அடுத்து என்ன வாங்குவது என்பதில் வீடு பிளந்தது. சித்தப்பாவுக்கு டிரான்சிஸ்டர், கிரிக்கெட் கமெண்டரியைக் கொல்லைப்புறம் வரை தூக்கிப் போகலாம். அத்தைக்கும் அதுவே, தளிகை உள்ளில் வைத்து இலங்கை வானொலி கேட்கலாம். தாத்தாவுக்கு அது தகர டப்பாவில் குடியிருக்கும் குரல். பாட்டி சட்ட நுணுக்கம் எழுப்பினாள்: டிரான்சிஸ்டர் உடுத்தியிருப்பது தோல் உறை. தோல் எப்படித் தளிகை உள்ளில் நுழையும்?

தீர்ப்பும் பாட்டியுடையதே. டிரான்சிஸ்டர் வந்தது. திண்ணையிலேயே தோலுரிக்கப்பட்டு, தாத்தாவின் பழைய அங்கவஸ்திரத்தில் தைத்த மடி உறையோடு உள்ளே போனது. ஸ்ரீரங்கத்தில் டிரான்சிஸ்டருக்கு சமாசிரயணம் ஆனது அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன்.

எல்லாம் அடங்கிய பிறகு, மார்கழியில், மெக்கானிக் பழைய மர்ஃபியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். பேசுகிறது!

இந்தச் சங்கடம் ஊருக்குப் புதிதல்ல. 1323-ல் டில்லிப் படை வந்தபோது பிள்ளை லோகாசாரியர் கோயில் உற்சவரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். உற்சவர் திரும்பாததால் கோயிலில் வேறொருவரை எழுந்தருளப் பண்ணினார்கள். 1371-ல் செஞ்சியிலிருந்து கோபணார்யர் பழையவரைக் கொண்டுவந்தார். எவர் பழையவர் என்று அடையாளம் சொல்ல ஆளில்லை. கண் தெரியாத வயோதிக வண்ணார் ஒருவர், இருவருக்கும் திருமஞ்சனம் செய்யச் சொல்லி, ஈரவாடைத் தீர்த்தத்தைச் சுவைத்துப் பார்த்து இவரே நம்பெருமாள் என்றாராம். புதியவரையும் அனுப்பிவிடவில்லை, திருவரங்க மாளிகையார் என்று பேர் சூட்டி உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். மாற்று வாங்கியபின் ஒரிஜினல் திரும்பினால் என்ன செய்வது என்பதற்கு இதைவிடப் பெரிய முன்தீர்ப்பு எந்த ஹைகோர்ட்டில் உண்டு?

ஆகவே இரண்டும் இருக்கட்டும் என்றானது. பரீட்சை மட்டும் வைகுண்ட ஏகாதசி விடியலில். கூட்டத்தில் நசுங்காமல் சொர்க்கவாசல் சேவிக்க வழி திருச்சி வானொலியின் நேர்முக வர்ணனைதான். டிரான்சிஸ்டர் திருகின கணமே பேசியது. மர்ஃபி வால்வு சூடேறி, பச்சைக் கண்ணை மெல்லத் திறந்து, பிறகே வாய் திறந்தது. கயிறு சரியாக மாட்டாததால் முள் கொழும்பில் நின்றது, குரல் திருச்சி. தாத்தா கண்ணை மூடிக்கொண்டு மர்ஃபி பக்கமே காதைச் சாய்த்தார். தீர்த்தம் ருசிக்காத குறைதான்.

வாசல் திறந்தது. ரேடியோவில் "ரங்கா! ரங்கா!" என்ற கோஷம். ஏறக்குறைய ஒரு விநாடி கழித்து அதே கோஷம் ஜன்னல் வழியாக வந்தது. ஒலி விநாடிக்கு 340 மீட்டர்தான் ஓடும், ரேடியோ அலையோ திருச்சிக்குப் போய்த் திரும்பினாலும் முந்திக்கொள்ளும் என்று சித்தப்பா பாடம் நடத்தினார்.

தாத்தா கேட்கவில்லை. ஜன்னலை ஒருக்களித்துச் சாத்தினார்.

"கோயில்லே கொஞ்சம் லேட்டு."