செங்கலைக் காட்டு, கல்லை ஒளி

எலே பேராண்டி, உங்கப்பன் பரோட்டாக் கடைய இடிச்சு 'இன்டீரியர்' பண்ணப் போறியாமே? டிசைனர் தம்பி போட்ட படத்தைக் கொண்டா, பாப்போம்.

அடேயப்பா! சுவத்துப் பூச்சைப் பேத்து செங்கலைக் காட்டணுமாமே. ஊர்ல பாதி வீடு பூசக் காசில்லாம அப்படித்தான நிக்கு? அதுசரி, உங்க கடைச் சுவரு ஹாலோ பிளாக்லா? பேத்தா செங்கல் எங்கருந்து வரும்? ஓ, செங்கல் மாதிரி ஓடு வாங்கி ஒட்டுவாரோ! நடத்து, நடத்து.

வெளக்கு? மேசைக்கு ஒரு மஞ்ச பல்பு, உள்ள கம்பி தெரியுத மாதிரி. 'மூடு' வருமாம். இருட்டுல யாவாரம் பண்ண நெல்லைக்காரனுக்கா சொல்லித் தரணும்? நெல்லையப்பர் கோயிலுக்கு எதுத்தாப்புல இருட்டுக்கடையப் பாரு. ஒத்த வெளக்குதான பேரு வாங்கிக் குடுத்துச்சு! சாயங்காலம் கடை தொறக்குமுன்ன வரிசை நிக்கு. ஆனா அது அல்வாலே. கண்ண மூடிக்கிட்டும் திங்கலாம். நீ போடுதது சாளை மீன் கொழம்பு. முள்ளு எது, சதை எதுன்னு தடவிப் பாத்தா திம்பான்? தொண்டையில மாட்டுனா மூடு எங்க போவும்?

இந்தக் கொக்குக்கால் ஸ்டூல் என்னது? ரெண்டரை அடி உசரமா? சாப்பாட்டு மேசையே அம்புட்டுதாம்லே இருக்கும். நாற்காலி ஒண்ணரை அடி, மேசை ரெண்டரை அடி. நடுவுல ஒரு அடி இருந்தாத்தான் முழங்காலும் உள்ள போவும், கையும் எலைக்கு எட்டும். இது நம்ம ஆசாரிக்குத் தெரியும். உங்க ஆச்சிய அந்த ஸ்டூல்ல ஒருக்க ஏத்திப் பாரு. ஏத்த ஒருத்தன் போதும், எறக்க மூணு பேரு வேணும்.

என்னது, அது பார் கவுண்டரா? சரக்குச் சில்லறை யாவாரத்த 2003-லயே டாஸ்மாக் எடுத்துக்கிட்டுச்சே, நீ என்னத்தலே ஊத்தப் போற? மாக்டெயிலா? எலுமிச்சம்பழம், புதினா, சோடா. பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில அதத்தான குடிச்சு ஏப்பம் விட்டுட்டுப் போறான்! நீ ஊறுகா பாட்டில்ல ஊத்தி, காயிதக் குடை சொருகி, நாலு மடங்கு வெல போடுவ. பொழச்சுக்குவலே.

தரைக்கு ஆத்தங்குடிக் கல்லு. நல்ல கல்லுதான், கொற சொல்ல மாட்டேன். கண்ணாடி மேல வார்த்து, சூளையில வேக வைக்காம தண்ணியில ஊறப்போட்டு எடுக்குதது. நடக்க நடக்க மெருகேறும். ஆனா அடியில சிமெண்டுலா? எண்ணெயக் குடிச்சிரும். செட்டியார் வீட்டுப் பட்டாலைக்குச் சரி, சால்னா சிந்துத எடத்துக்கு?

சிரிச்சது போதும். ஒண்ணுக்குத்தாம்லே எனக்கு வயிறெரியுது. வாசல்ல கெடக்குத பரோட்டாக் கல்லைத் தூக்கிப் பின்கட்டுல கண்ணாடிக்கு உள்ள வைக்கப் போறாராம். எடமில்லாமயா அதை வாசல்ல போட்டான் உங்கப்பன்? விளக்கு வைக்கிற நேரத்துல மாஸ்டர் மாவை வீசுதான். கல்லுல எண்ணெ பொரியுது. வெந்ததை அடுக்கி ரெண்டு கையாலயும் பட்டுப்பட்டுன்னு அடிக்கான். கொத்துப் போடுத சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கு. ஊருக்குப் போறவன் பஸ்ஸ விட்டுட்டு உக்காருதான். பொகையும் தன்னால தெருவப் பாத்துப் போயிருது. கல்லு உள்ள போனா பொகைய வெளிய தள்ள மோட்டாரு, தகரக் கொழாயி, மாசாமாசம் கரண்டு பில்லு. வாசல் வெறிச்சோடிருமே? அதுக்கு நியான் வெளக்குல இங்கிலீசுல என்னத்தையோ எழுதி மாட்டணுமாம்!

ஆமா, கை கழுவுத தொட்டி எங்கலே? படத்துல காணுமே. அழகு கெடுதுன்னு மூங்கில் தட்டிக்குப் பின்னால ஒளிச்சிட்டாரோ? சால்னா முழங்கைக்கு வழிய எத்தனை பேரு தேடுவான்? ஒட்டுன செங்கல்லதான் தொடைப்பான்.

சுண்ணாம்பு அடி. ஆடுத மேசைக்கு முட்டுக் குடு. தொட்டிக்கு நல்ல கொழாயா மாட்டு. மிச்சத்துல மொதல்ல மாஸ்டருக்குச் சம்பளத்தக் கூட்டுலே. எதுத்த கடைக்காரன் நேத்து அவனுக்கு டீ வாங்கிக் குடுத்துக்கிட்டு இருந்தான்.