சர்வருக்கு உடம்பு சரியில்லை

'மஸ்டரிங்' என்ற சொல்லை மட்டும் அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூணாறுப் பக்கம் தேயிலைக் காட்டில் முப்பத்தாறு வருஷம் கொழுந்து எடுத்தவள். மஸ்டர் என்றால் விடிகாலையில் போய்ப் பேர் கொடுப்பது, பிந்தினால் கூலி போச்சு. கேரளத்தில் முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை வருஷத்துக்கொரு தடவை ரேகை வைத்துக் காட்ட வேண்டும். அதற்கும் மஸ்டரிங் என்றுதான் பெயர். எனவே பத்து மணிக்குத் திறக்கும் சேவை மையத்தின் வாசலில் ஏழு மணிக்கே கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றாள். துணைக்கு நான், அவளைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டு.

பதினொன்றரைக்கு எங்கள் முறை வந்தது. உள்ளே இருந்த பெண் மலையாளத்தையும் தமிழையும் சரிபாதி கலந்து சொன்னது: "அம்மச்சி, சர்வர் டவுணாணு. நாளைக்கு வா."

"ஏலே, சர்வருக்கு என்னவாம்?" என்று என்னைக் கேட்டாள் அம்மா.

"படுத்துருச்சும்மா."

இந்த இடத்தில் எங்கள் குடும்ப வரலாறு கொஞ்சம் தேவை. அம்மாவின் தம்பி உடுமலைப்பேட்டையில் ஓட்டல் சர்வராக இருந்தவர். அவரை விட்டால் அம்மாவுக்குத் தெரிந்த இன்னொரு சர்வர், 1964-இல் வந்த 'சர்வர் சுந்தரம்' நாகேஷ். இருவரும் கையில் டம்ளர் அடுக்கிக்கொண்டு ஓடினவர்கள். படுத்து யாரும் பார்த்ததில்லை.

"என்ன சீக்கு தாயி?" என்று அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட்டாள்.

"ஓவர்லோடு, அம்மச்சி."

"பாவம். எத்தனை டேபிள் பாக்குறாரு?"

அந்தப் பெண் விழித்தது. அதன் மேல் தப்பில்லை. கேரளத்து ஓட்டல்களில் சாப்பாடு கொண்டுவருகிறவர் சப்ளையர். அதற்குத் தெரிந்த ஒரே சர்வர், எங்கேயோ குளிரூட்டிய அறைக்குள் உட்கார்ந்திருக்கிற கணினிதான். எல்லையோரத்தில் வாழ்வதன் லாபம், ஒரே சொல்லை இரண்டு பக்கமும் தப்பாகப் புரிந்துகொள்ள முடிவது.

ஜீப்பில் திரும்பும்போது சிரித்தேன். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. டென்மார்க்கின் எர்லாங் என்பவர் 1909-இல் தொலைபேசி இணைப்புகளை வைத்துத் தொடங்கியது வரிசைகளைப் பற்றிய கணக்கு. 1953-இல் கெண்டல் என்பவர் அதற்கு ஒரு குறியீட்டு முறை கொடுத்தபோது, வரிசையைக் கவனிக்கிறவரை 'சர்வர்' என்றே எழுதினார். கணினிக்காரர்கள் 1969 வாக்கில், வலையமைப்புகளைப் பற்றி எழுதத் தொடங்கியபோது, அந்தச் சொல்லைக் கையாண்டார்கள். அதாவது க்யூவும் சர்வரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அந்தக் கணக்குப்படி, மணிக்குப் பத்துப் பேரைக் கவனிக்க முடிந்த ஒரே சர்வரிடம் நேரம் முன்னப்பின்னாக ஒன்பது பேர் வந்துகொண்டிருந்தால், எந்த நேரமும் சராசரியாக ஒன்பது பேர் அங்கே இருப்பார்கள். அதையே ஒன்பதரை ஆக்கினால் பத்தொன்பது. அரை ஆள் கூடினதற்குப் பத்து ஆள் தண்டனை! பத்தைத் தொட்டாலே கணக்கு கைவிரித்துவிடும். எத்தனை டேபிள் என்று தெரியாமல் சர்வரைக் குறை சொல்வது நியாயமில்லை. மாமா இதை எர்லாங்கைப் படிக்காமலே சொல்லுவார், அதுவும் கெட்ட வார்த்தையோடு.

தமிழில் இதற்கு 'வழங்கி' என்றொரு அழகான பெயர் உண்டு. கேட்டால் வள்ளல் போலத் தொனிக்கும். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் எங்கள் பக்கத்து மலைக்காரன்தான், பழனிப் பக்கம். இந்த வழங்கியோ கம்பளியோடு வந்தவளுக்கு ஒரு ரசீதுகூடக் கொடுக்கவில்லை. 'சேவையகம்' என்றும் சொல்கிறார்கள். ஆனால் "சேவையகம் படுத்துருச்சு" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? படுப்பதற்கு ஆள் வேண்டும். அதனால்தான் சர்வர் என்ற பெயர் நிலைத்தது என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாளும் படுத்திருந்தது.

மூன்றாம் நாள் எழுந்துவிட்டது. இந்தத் தடவை அம்மாவின் விரல்தான் ஏறவில்லை. கொழுந்து கிள்ளிக் கிள்ளி ரேகை தேய்ந்துபோயிருந்தது. அந்தப் பெண் நாலு விரலை மாற்றிப் பார்த்தது, ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தது, கடைசியில் கண்ணைக் காட்டச் சொன்னது. கருவி பீப் என்றது. அம்மா உயிரோடுதான் இருக்கிறாள் என்று ரசீது வந்தது.

நான் கட்டணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அம்மா வரவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, பத்து ரூபாய்த் தாளை நீவி மேசை மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பைசா கொடுத்தல்லோ, அம்மச்சி?"

"அது உனக்கில்ல தாயி. எந்திரிச்சு வந்து பாத்துருக்காருல்ல, சர்வருக்குக் குடுத்துரு."