நண்பனைத் தேடும் படலம்

2009இல் வந்த ‘3 இடியட்ஸ்’ படம் நம் பிள்ளைகளுக்கு நல்ல வழி காட்டியது. மாதவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிய, பறந்த விமானமே திரும்பித் தரையிறங்குகிறது. காற்சட்டையை மறந்த சர்மன் ஜோஷியோடு சிம்லா, லடாக் என்று கல்லூரி நண்பனைத் தேடிக் கார் பறக்கிறது. பட்டப்படிப்பின் பயன் வேறென்ன?

வெலிமடையிலும் இந்தத் தேடலை உடனே தொடங்கலாம். என்ன, நுவரெலியா–பதுளை பஸ்ஸை நிறுத்த நெஞ்சுவலி போதாது. மிதிபலகையில் மயங்கினாலும் விழ இடமில்லை. “தம்பி, உள்ளுக்குப் போங்க” என்பார் கண்டக்டர். உள்ளே உருளைக்கிழங்கு மூட்டை சௌகரியமாக உட்கார்ந்திருக்கும்.

இங்கே தேடப்படும் நண்பனும் படத்தில் வருவதுபோல் லடாக்கில் பள்ளிக்கூடம் நடத்தவில்லை. புறக்கோட்டைப் புடைவைக் கடையில் துணி மடிக்கிறான். தேடிக் கண்டுபிடித்தவர்களுக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. பட்டச் சான்றிதழ்களை வைக்க முதலாளி ஒரு லாச்சியே ஒதுக்கித் தந்தார்.