தலை எண்ணுகிறவர்

கோவா கார்னிவல் சனிக்கிழமை, பணஜியில் ஊர்வலம் போகும் சாலையோரம் நம்மூர்க் கோஷ்டிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து அடையாளம் காண்பது கடினம். எல்லோருக்கும் ஒரே பூப்போட்ட சட்டை, ஒரே கறுப்புக் கண்ணாடி, நடைபாதையில் பேரம் பேசி வாங்கிய ஒரே ஓலைத் தொப்பி. ஆனால் ஒவ்வொரு கோஷ்டியிலும் ஒருவரை மட்டும் எட்டத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். ஊர்வலம் ஒரு பக்கம் போனால் அவர் முகம் மறுபக்கம் இருக்கும். லாரி மேல் கட்டிய ராட்சத மீன் வாயைத் திறந்து மூடிக்கொண்டு வந்தாலும், கட்டைக்கால் கட்டியவர்கள் அவர் தலைக்கு மேலேயே நடந்து போனாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். உதடு மட்டும் அசையும். ஜபம் இல்லை, எண்ணுகிறார். "ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழு. டேய், எட்டாவது எவன்டா?" எட்டாவது அவரேதான். இந்தக் கணக்குப் பிழை தமிழுக்குப் புதிதல்ல. ஆற்றைக் கடந்ததும் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஓர் ஆள் குறைகிறதே என்று அழுத சீடர்களை வீரமாமுனிவர் பரமார்த்த குரு கதையில் எழுதிவைத்திருக்கிறார். இத்தாலியில் பிறந்த அந்தப் பாதிரியார் 1710-இல் கப்பலைவிட்டு இறங்கியதும் இதே கோவாவில்தான். தலை எண்ணும் ஆசாமி எவரையாவது அங்கே துறைமுகத்தில் பார்த்துத்தான் எழுதினாரா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

தலை எண்ணும் நம் ஆளுக்கு நிலையான பெயர் கிடையாது. முகத்துக்கு நேரே 'லீடர்', குரூப்பில் 'அட்மின்', முதுகுக்குப் பின்னால் 'வார்டன்'. ஊர் ஒப்புக்கொண்ட தீர்ப்பு ஒன்றுதான்: இவர் இல்லாவிட்டால் டிரிப் இன்னும் நன்றாக இருந்திருக்கும். நான் இதை மறுக்கிறேன். கார்னிவலுக்குப் போன எட்டுப் பேரில் கார்னிவலைக் கொண்டாடியவர் இவர் ஒருவர்தான். மற்ற ஏழு பேரும் அதை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தவர்கள் என்பது என் கட்சி.

முதலில், அவர் எப்படி உருவாகிறார் என்று பார்க்க வேண்டும். 'கோவா போறோம்' என்பது தமிழ்நாட்டு நண்பர் குழாம்களின் நிரந்தரத் தீர்மானம். பண்ணைப்புரத்திலிருந்து மூன்று பையன்கள் கோவாவுக்குக் கிளம்பிப்போவதாக வெங்கட் பிரபு 2010-இல் ஒரு முழுப் படமே எடுத்தார். அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள் என்பதுதான் அந்தக் கதையில் நம்ப முடியாத பகுதி. நிஜத்தில் குரூப் தொடங்கும்போது இருபது பேர் இருப்பார்கள். அட்வான்ஸ் என்ற சொல் விழுந்ததும் ஒருவருக்குத் தங்கை நிச்சயதார்த்தம், ஒருவருக்கு ஆபீசில் ஆடிட், ஒருவர் 'லெஃப்ட்'. எஞ்சிய எட்டில் ஏழு பேர் கட்டைவிரல் படம் போடுவார்கள். போடாமல் "யார் எவ்வளவு தர்றீங்க?" என்று கேட்டவர் யாரோ, அவர் அந்த நொடியில் லீடர் ஆகிவிடுகிறார். தேர்தல் இல்லை, போட்டி இல்லை. அறுபது நாள் முன்னால் காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும்போது அலாரம் வைத்து எழுந்திருப்பவர் அவர். கார்னிவல் தேதி ஈஸ்டரைப் பிடித்துக்கொண்டு ஆண்டுதோறும் நகரும் என்பது தெரிந்தவரும் அவர் ஒருவரே. 2024-இல் பிப்ரவரி 10 அன்று தொடங்கிய விழா 2025-இல் மார்ச் 1-க்குப் போய்விட்டது. "கார்னிவல்னா பிப்ரவரிதானேடா" என்று மற்ற ஏழு பேரிடம் விட்டிருந்தால், காதலர் தின வாரத்தில் போய் இறங்கி வெறும் சாலையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள்.

அவருடைய இடுப்புப் பையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். எட்டு ஆதார் ஜெராக்ஸ், ஒவ்வொன்றிலும் முகம் கரிக்கட்டை. ரூம்காரர் அதைவைத்து யாரையும் அடையாளம் காணப் போவதில்லை, ஆனாலும் கேட்பார். பவர் பேங்க் இரண்டு, அதில் ஒன்று எப்போதும் வேறு யாருடைய போனிலோ. எலெக்ட்ரால் பொட்டலம் நான்கு, வயிற்று மாத்திரை ஒரு அட்டை, ஊறுகாய் பாக்கெட் ஒன்று. வாடகை ஸ்கூட்டர் நான்கின் சாவிகள் ஒரே வளையத்தில். கோவாவில் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை வண்டியைத் தள்ளிவிடப் பார்த்த கடைக்காரரிடம் அரைமணி நேரம் நின்று சண்டை போட்டு மாற்றி வாங்கியிருப்பார். கூட இருந்தவர்கள் அந்த அரைமணியில் கரும்புச்சாறு குடித்தார்கள். பையின் உள்ளறையில் மடித்த தாள் ஒன்று உண்டு. அதில் கணக்கு. அதைப் பற்றிக் கடைசியில் பேசலாம்.

இனி அரசருக்கு வருவோம். கார்னிவலுக்கு ஒரு ராஜா உண்டு, மோமோ மன்னர். தலையில் கிரீடம், கையில் செங்கோல், பெரும்பாலும் தொந்தி. உண்டு குடித்துக் களியுங்கள் என்பதே அவர் போடும் ஒரே ஆணை. அது முடிந்ததும் தவக்காலம். அதற்கு முந்தைய நாலு நாளைக்கு மட்டும் அவர் ஆட்சி. போர்த்துக்கீசியர் காலத்தில் 'இந்த்ரூஸ்' என்ற பெயரில் ஒருவர் மேல் ஒருவர் மாவும் சாயத் தண்ணீரும் எறிந்து விளையாடிய தெரு விழா இது. அலங்கார லாரிகள் வரிசைகட்டும் இப்போதைய ஊர்வலம் 1965-இல்தான் தொடங்கியது. மோமோ என்ற பெயரின் மூலவர் கிரேக்கப் புராணத்து மோமஸ். எதைப் பார்த்தாலும் குற்றம் சொல்வதே அவருக்குத் தொழில். பொறுக்க முடியாமல் மற்ற தேவர்கள் அவரை மேலுலகத்தைவிட்டே விரட்டிவிட்டார்கள் என்பது கதை. நம் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். "ஏன்டா ரூமைப் பூட்டல?" "ஏன்டா ஒரே வண்டியில மூணு பேரு?" "ஏன்டா செருப்பைக் கடல்கிட்ட விட்ட?" லாரி மேல் நிற்பவர் மோமஸின் பெயரை மட்டும் சுமக்கிறார். குணம் முழுக்க இவரிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. கார்னிவல் என்றாலே உலகம் தலைகீழாவது. ஏவலாள் எசமான் ஆவான், கோமாளி கிரீடம் வைப்பான். நம் லீடரை வார நாளில் அலுவலகத்தில் பாருங்கள். மீட்டிங்கில் கடைசி நாற்காலி, விடுப்பு கேட்க இரண்டு வரைவு மெயில், டீ வரும்போது அவரைத் தாண்டிப் போகும் தட்டு. வீட்டில் டிவி ரிமோட்கூட அவர் கைக்கு வராது. அப்படிப்பட்டவர் நாலு நாள் எட்டுப் பேருக்குச் சோறு, தூக்கம், கழிப்பறை நேரம் எல்லாவற்றையும் ஆள்கிறார். யாரும் கீழ்ப்படிவதில்லை என்பது உண்மைதான். மோமோவுக்கு மட்டும் யார் கீழ்ப்படிகிறார்கள்? உண்டு குடித்துக் களிக்க ஆணை எதற்கு, எப்படியும் செய்யப்போகிறவர்கள்தானே! யாரும் கீழ்ப்படியாத ஆணைகளைக் கம்பீரமாகப் போடுவது விளையாட்டு ராஜாவின் லட்சணம். "காலையில ஆறு மணிக்கு எல்லாரும் ரெடி" என்பது அந்த ரகம். ஆறு மணிக்குக் குளித்து, திருநீறு பூசி, ஈரத்தலையோடு தனியாக வராந்தாவில் உட்கார்ந்திருப்பவரைவிட அசலான கார்னிவல் மன்னர் அகப்பட மாட்டார்.

இதற்கு உடனே ஓர் ஆட்சேபம் வரும்: அவர் எதையுமே பார்க்கவில்லையே, பிறகென்ன கொண்டாட்டம்? இந்தக் கேள்விக்கு ரஷ்ய அறிஞர் மிகயில் பக்தின் பதில் வைத்திருக்கிறார். பிரெஞ்சு எழுத்தாளர் ரபேலேயைப் பற்றி அவர் எழுதிய நூல் அச்சேறியதும் 1965-இல்தான், பணஜியில் லாரிகள் கிளம்பிய அதே ஆண்டு. அவர் வாதத்தின் சாரம் இது: கார்னிவலில் மேடை இல்லை, பார்வையாளர் இல்லை, அது பார்ப்பதற்கான காட்சியே அல்ல, அதற்குள் எல்லோரும் வாழ்கிறார்கள். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு சாலையோரத்தைப் பாருங்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஏழு பேர், ஏழு போன், ஏழும் தலைக்கு மேலே. திரையில் முன்னால் நிற்பவரின் போன், அதன் திரையில் அவருக்கு முன்னால் நிற்பவரின் போன். அதற்கப்பால் எங்கோ ஒரு முந்திரிப்பழ வேஷம். இவர்கள் சுத்தமான பார்வையாளர்கள். நம் ஆள் என்ன செய்கிறார்? எட்டாவது ஆளைத் தேடித் தடுப்புக் கயிற்றுக்கு அடியில் குனிந்து போகிறார். பாண்டு வாத்தியக்காரர்கள் நடுவில் மாட்டிக்கொள்கிறார். டிராம்போன் முழங்கையில் இடிக்கிறது. இறகு வைத்த நடனப் பெண்கள் வரிசையை அவர் குறுக்கே வெட்டும்போது, ஏதோ வேஷக்காரர் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டுகிறார்கள். ஒரு கையில் சாவி வளையம் கிலுகிலுக்க, மறுகையில் யாரோ கொடுத்துவிட்டுப் போன பாதி தின்ற சோரிஸ் பாவோடு அவர் ஓடுவது, அன்றைய ஊர்வலத்தில் ஸ்பான்சர் இல்லாத ஒரே உருப்படி.

ஸ்பான்சர் என்றதும் உள்ளூர்க்காரர்கள் சொல்லும் குறை நினைவுக்கு வருகிறது. லாரி ஊர்வலம் சுற்றுலாப் பயணிக்காகப் போடும் விளம்பர வரிசை, அசல் கார்னிவல் தெற்கே சால்செட் கிராமங்களில் நடக்கும் 'கேள்' நாடகங்களில் இருக்கிறது என்பார்கள். நியாயம்தான். சந்தோர் கிராமத்தில் கார்னிவலின்போது உலக்கையைத் தரையில் இடித்து ஆடும் ஆட்டம் உண்டு. சோழர்களை வென்ற நினைவாக அது ஆடப்படுவதாக ஊர்க்கதை ஒன்றும் உண்டு. சோழநாட்டிலிருந்து கிளம்பிய எட்டுப் பேரில் அதைத் தெரிந்துவைத்திருப்பவரும் லீடர்தான். "திங்கக்கிழமை சந்தோர்" என்று தாளில் எழுதியே வைத்திருந்தார். குரூப்பில் போட்ட ஓட்டெடுப்பில் பீச் ஏழு, சந்தோர் ஒன்று.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. போனில் வரைபடம் இருக்கிறது, இருக்குமிடத்தைக் காட்டும் புள்ளி இருக்கிறது, பிறகு தலை எண்ண ஆள் எதற்கு? கூட்டம் பெருத்த இடத்தில் போன் டவர் திணறும் என்பது தேர்த்திருவிழா பார்த்த எவருக்கும் தெரியும். புள்ளி நீலமாக அப்படியே நிற்கும், ஆள் அரை மைல் தள்ளிப்போயிருப்பார். அப்போது தேவைப்படுவது, 'தொலைந்தால் கதம்பா பஸ் ஸ்டாண்டு வாசல், ஏழு மணி' என்று காலையிலேயே சொல்லிவைத்த ஒருவர். சொன்னபோது சிரித்தார்கள். ஏழு மணிக்கு ஒவ்வொருவராக அங்கேதான் வந்து சேர்கிறார்கள், ஃபெனி குடித்தவர் எட்டரைக்கு. இந்த வேலைக்கு ஆண், பெண் பேதமும் கிடையாது. கல்லூரித் தோழிகள் குழுவில் "ஏய், துப்பட்டாவை வீல்ல விடாதடி" என்று பின்னாலிருந்து கத்துகிறவரும் இதே வம்சம். அவர் எண்ணிக்கையில் தன்னையும் சேர்த்துக்கொள்வார் என்பது மட்டும் வித்தியாசம்.

குறையே இல்லாதவர் என்று நான் வாதாடவில்லை. இட்லி கிடைக்கும் இடத்தைப் பணஜியில் முதல் வேலையாகத் தேடுகிறார். சூரியன் மறைவதைப் பார்க்கவிடாமல் "இருட்டினா ரோடு மோசம்டா" என்கிறார். கோஷ்டிப் படம் எடுப்பவர் அவர் என்பதால் எந்தப் படத்திலும் அவர் இல்லை; இதை அவரே வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டுவார், அதுவும் தாங்காது. ஆனால் இந்தக் குறைகளை எடுத்துச் சொல்கிற ஏழு பேரில் ஒருவரை அடுத்த முறை நீ லீடராக இரு என்று கேட்டுப் பாருங்கள். தங்கை நிச்சயதார்த்தம் வந்துவிடும்.

செவ்வாய் இரவோடு மோமோவின் ஆட்சி முடிகிறது. விடிந்தால் சாம்பல் புதன். கோவாவின் தேவாலயங்களில் நெற்றியில் சாம்பலிட்டு, மனிதன் மண் என்று நினைவூட்டுவார்கள். அதே புதன்கிழமை, திரும்பும் ரயிலில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு நம் லீடர் அந்த மடித்த தாளைப் பிரிக்கிறார். ரூம், வண்டி, பெட்ரோல், மூன்றாம் நாள் உடைந்த கண்ணாடி டம்ளர், யாரும் தின்றதாக ஒப்புக்கொள்ளாத ஒரு பிளேட் இறால். மொத்தத்தை எட்டால் வகுக்கிறார். இந்த ஒரு கணக்கில் மட்டும் அவர் தன்னை விட்டுவிடுவதில்லை. கூட்டிச் சரிபார்த்துக் குரூப்பில் போட்டதும் ஏழு கட்டைவிரல்கள் வந்துவிடுகின்றன. பணம்தான் வரவில்லை. நீங்கள் அந்த ஏழு பேரில் ஒருவராக இருந்தால், அவருடைய ஜிபே நம்பர் இன்னும் குரூப்பின் மேலேதான் பின் செய்யப்பட்டிருக்கிறது. தயவுசெய்து இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.