மாமாவைத் திருப்பி அனுப்பும் அதிகாரம்

கம்பத்தில் ஒரு நடைக்குழுவுக்கு ஒருங்கிணைப்பாளராக இருப்பது, கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பது மாதிரி. சம்பளம் கிடையாது, சாப்பாடு கடைசிப் பந்தியில், சாம்பாரில் உப்பு குறைந்தால் சமையல்காரரை விட்டுவிட்டு நம்மைத்தான் பிடிப்பார்கள். நான் உரக்கடை வைத்திருப்பவன். பன்னீர் திராட்சைக்கு எந்த மருந்தை எப்போது அடிக்க வேண்டும் என்று சொன்னால் கூடலூர் முதல் சின்னமனூர் வரை கேட்பார்கள். "ரப்பர் செருப்போடு மலையேறாதீர்கள்" என்று சொன்னால் சொந்த மச்சினன்கூடக் கேட்கமாட்டான்.

எங்கள் குழுவில் பாதிப்பேர் டாக்டர் சொல்லி வந்தவர்கள். மீதிப்பேர் வீட்டம்மா சொல்லி வந்தவர்கள். மலைமேல் ஆசைப்பட்டு வந்தவர் என்று யாரையும் தனியாகக் காட்ட முடியாது. மேற்கே திரும்பினால் கேரளத்து மலை, கிழக்கே திரும்பினால் மேகமலை. பிறந்ததிலிருந்து இரண்டுக்கும் நடுவில் இருப்பவனுக்கு மலை என்பது மழை வருமா என்று பார்ப்பதற்கான இடம். அல்லது கூலிக்குப் போகிற இடம். விடியற்காலையில் கம்பம்மெட்டு ரோட்டில் போய் நின்றால் தெரியும். ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகள் வரிசையாக ஏறும். உள்ளே பெண்கள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டி, பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தோளில் பையும் கையில் கம்புமாக அங்கே நின்றபோது ஒரு ஜீப் டீக்கடையில் நின்றது. உள்ளேயிருந்த அக்கா கேட்டார்:

"எந்தத் தோட்டத்துக்குண்ணே போறீங்க?"

"தோட்டத்துக்கு இல்லக்கா, சும்மா நடக்கப் போறோம்."

"கூலி எவ்வளவு?"

"கூலியா? நாங்கதான் ஆளுக்கு நூத்தம்பது போட்டிருக்கோம்."

அவர் திரும்பி உள்ளே எதையோ சொன்னார். அந்த ஜீப் முதல் வளைவில் திரும்பும்வரை சிரிப்புச் சத்தம் கேட்டது.

குழு பெருத்ததும் கொள்கை வேண்டும் என்றார்கள். உறுப்பினர் ஒருவரின் மகன் சியாட்டிலில் இருக்கிறான். அங்கே 1906-இல் தொடங்கிய மலையேறும் கழகம் ஒன்று இருக்கிறதாம், தன்னார்வலர்கள்தான் அழைத்துப்போவார்களாம். பத்து அத்தியாவசியப் பொருள்கள் என்று உலகமெங்கும் மலையேறுகிறவர்கள் சொல்லும் பட்டியல் 1930-களில் அந்தக் கழகத்தில் பிறந்ததுதான். வரைபடம், திசைகாட்டி, டார்ச், முதலுதவிப் பெட்டி, கூடுதல் உடை, கூடுதல் உணவு என்று போகும். பையன் அதை அனுப்பிவைத்தான். கூடுதல் உணவு விஷயத்தில் மட்டும் நாங்கள் சியாட்டிலை எப்போதோ தாண்டிவிட்டோம். புளியோதரை ஒரு தூக்கு, எலுமிச்சை சாதம் ஒரு தூக்கு, வெஞ்சனம் மூன்று வகை, அது போக "வழியில பசிச்சா" என்று முறுக்கு ஒரு டின். திசைகாட்டி எங்களிடம் இல்லை. யாரும் தொலைந்துபோகும் அளவுக்கு வேகமாக நடப்பதில்லை.

கொள்கையை எழுதும் பொறுப்பு ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. ஒருவரிடம் போனது. பட்டா, சிட்டா, அடங்கலிலேயே ஆயுசைக் கழித்த மனிதர். ஒரு வாரத்தில் பச்சைமையில் எழுதிக் கொண்டுவந்தார். நான்காவது விதி இப்படி இருந்தது: "மேற்படி நடைபயணத்துக்கு வரும் மேற்படியார் தகுந்த காலணி இன்றி ஆஜராகும் பட்சத்தில், மேற்படியாரை மேற்படி இடத்திலிருந்தே திருப்பி அனுப்ப ஒருங்கிணைப்பாளருக்கு முழு அதிகாரம் உண்டு, இதில் மேல்முறையீடு கிடையாது." எல்லோரும் கைதட்டினோம். கையெழுத்தும் போட்டோம். இவ்வளவு அதிகாரம் எனக்கு என் கடையிலேயே கிடையாது.

அடுத்த ஞாயிறு சுருளிப் பக்கம் போவதாக ஏற்பாடு. முதல் ஆளாக வந்து நின்றவர் என் மாமனாரின் தம்பி. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, காலில் நீலவார் ரப்பர் செருப்பு. வலது கால் செருப்பில் அறுந்த வாருக்கு ஊக்கு குத்தியிருந்தது.

"மாமா, ஷூ இல்லாம வரக்கூடாதுன்னு விதி இருக்கு."

"யாரு போட்டது?"

"நாமதான். நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அது அசலூர்க்காரனுக்கு, மாப்ள."

இந்த ஒரு வரிக்கு என்னிடம் பதிலே இல்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. உலகத்தில் எழுதப்பட்ட விதிகளெல்லாம் அசலூர்க்காரர்களை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஒருவரை ஒருவர் தெரியாத ஊரில், சட்டை மேல் ஒரு அட்டையைத் தொங்கவிட்டவன் "நில்" என்றால் நிற்பார்கள். எங்கள் பட்டியலில் மாமா இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார், பங்காளிகள் இருக்கிறார்கள், மதினி ஒருவர் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வருகிறார். சொந்தம் இல்லாதவர் என்றால் என் கடையில் கடன் பாக்கி வைத்திருப்பவர். அவரைத் திருப்பி அனுப்பினால் அடுத்த நாளே எதிர்க்கடையில் யூரியா வாங்குவார்; என் பாக்கியும் அவரோடு அந்தப் பக்கம் போய்விடும். சியாட்டில் விதியில் இதற்கெல்லாம் பிரிவு இல்லை.

மாமா வந்தார். எல்லோருக்கும் முன்னால் நடந்தார். பாதி வழியில் வி.ஏ.ஓ.வின் புது ஷூ அடிப்பாகம் பிரிந்து வாயைத் திறந்துகொண்டது. மாமா தன் செருப்பிலிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். விதி எண் நான்கு அன்றோடு சரி.

அதற்குப் பிறகு பெயர்ப் பட்டியல். பெயர், வயது, ரத்த வகை, மாத்திரை விவரம், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண். படிவங்களைத் திரும்ப வாங்கிப் பார்த்தால் பாதிப்பேர் கடைசிக் கட்டத்தில் என் நம்பரை எழுதியிருக்கிறார்கள். "நீங்கதானண்ணே கூட இருப்பீங்க!" எனக்கு ஒன்று ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டேன். அதற்கும் என் நம்பரையே போடச் சொன்னார் ஒருவர்; கடைப்பையன் எடுப்பானாம்.

ஆனால் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு யாரும் அதிகம் விளையாடுவதில்லை. காரணம், எங்களுக்கு அருகிலேயே போடிக்கு மேலே இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில், கொழுக்குமலைப் பக்கத்துச் சரிவில், சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். சென்னைக்காரர்களைக் கூட்டிவந்ததும் எங்களைப் போல ஒரு தன்னார்வக் குழுதான். மார்ச்சில் அந்தச் சரிவெல்லாம் காய்ந்த புல். தீ மேட்டில் ஏறும்போது முன்னாலிருக்கும் புல்லைச் சூடாக்கிக்கொண்டே போகும். அதன் வேகத்துக்கு மனிதனால் மேலே ஓட முடியாது. முதலில் ஏறிப்போய்த் தூளி கட்டி இறக்கியவர்கள் ஊர்க்காரர்கள். அன்று இரவு மலையில் எத்தனை பேர், யார் யார் என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. அந்த ஆண்டே அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. எங்கள் கொள்கையில் அதற்கென்று உள்ள பிரிவை வி.ஏ.ஓ. ஒரே வரியில் எழுதினார்: "கோடையில் புல்மேட்டுக்குப் போவதில்லை." அதில் ஒரு 'மேற்படி'கூட இல்லை. மாமாவும் அதைப் பற்றி எதுவும் கேட்டதில்லை.

இப்போது காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை வழியாகத்தான். 2024 அக்டோபரில் அரசு 40 மலைப்பாதைகளைத் திறந்துவிட்டது; குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் பாதை அதில் ஒன்று. பணம் கட்டிப் பதிவுசெய்ய வேண்டும், உள்ளூர் வழிகாட்டி கூட வருவார், தீக்காலத்தில் மூடிவிடுவார்கள். எனக்கு இது பெரிய நிம்மதி. வழிகாட்டி என் சொந்தக்காரர் இல்லை. அவர் "போதும், திரும்புங்க" என்றால் எங்கள் ஆட்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி திரும்புகிறார்கள்.

மற்ற ஞாயிறுகளில் பதினெட்டாம் கால்வாய்க் கரை, திராட்சைத் தோட்டத்து வண்டிப்பாதை என்று நடப்போம். இங்கே எங்கள் எதிரி நேரம். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஒரு கணக்குப் போட்டுவைத்திருக்கிறார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏற்றமாக இருந்தால் இரண்டாயிரம் அடிக்கு இன்னொரு மணி நேரம். வி.ஏ.ஓ.வுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, கொள்கையில் சேர்த்தார். கால்வாய்க் கரையில் நடப்பது மூன்று மைல், ஏற்றமே கிடையாது. ஸ்காட்லாந்துக் கணக்குப்படி ஏழு மணிக்குக் கிளம்பினால் எட்டுக்கு முடிந்திருக்க வேண்டும். நாங்கள் பத்தரைக்கு முடித்தோம். நெய்ஸ்மித்துக்குத் தோட்டம் வைத்திருக்கும் பங்காளிகள் இருந்திருக்கமாட்டார்கள். வழியில் ஒருவர் "வாங்க வாங்க, இதென்ன நடுரோட்டுல போறீங்க" என்று பந்தலுக்குள் இழுத்துக் குலை அறுத்துக் கொடுப்பார். நின்று தின்றால் மரியாதை இல்லை, உட்கார வேண்டும். உட்கார்ந்தால் டீ வரும். டீ வந்தால் அவர் பெண்ணுக்கு வரன் பார்க்கிற பேச்சு வரும். எனவே கம்பம் திருத்தம் என்று ஒரு பிரிவு சேர்த்தோம்: தோட்டம் ஒன்றுக்கு முக்கால் மணி, சம்பந்தம் பேசினால் வரம்பு இல்லை.

வரிசையின் கடைசியில் ஒருவர் வர வேண்டும், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது என்பது விதி. நல்ல விதி. அந்த வேலைக்கு முதலில் யாரும் வரவில்லை. "கடைசி ஆளு" என்றால் கௌரவக் குறைச்சல். பிறகு ஒருவர் தானாக முன்வந்தார். முறுக்கு டின்னும் கடைசியில்தான் வருகிறது என்பதை அவர் மட்டும் கவனித்திருக்கிறார்.

2023 மே மாதம் நடந்ததையும் சொல்ல வேண்டும். சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிசிக்கொம்பன் யானை, 27-ஆம் தேதி காலை கம்பம் ஊருக்குள் நடந்து வந்தது. தெருத்தெருவாகப் போனது. 144 தடை போட்டார்கள். அதனிடம் சிக்கிக் காயப்பட்ட ஒருவர் பிறகு இறந்துபோனார். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது. மறுநாள் ஞாயிறு. யானை வந்த அன்று மாலை எனக்கு வந்த போன்களில் பாதி, "நாளைக்கு நடை உண்டாண்ணே?" என்றுதான். ஒருவர், "யானை எந்தப் பக்கம்னு கேட்டுட்டு நாம எதிர்ப்பக்கம் போகலாமே" என்று யோசனை சொன்னார். எனக்கு அந்த யானைமேல் ஒரு விஷயத்தில் மட்டும் பொறாமை. அதன் கழுத்தில் ரேடியோ காலர் இருந்தது. எங்கே இருக்கிறது என்று வனத்துறைக்குத் தெரியும். எங்கள் உறுப்பினர்கள் டீக்கடையில் இருக்கிறார்களா, திரும்பி வீட்டுக்கே போய்விட்டார்களா என்று எனக்குத் தெரிய எந்த வழியும் இல்லை. ஜூன் 5-ஆம் தேதி அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள்.

கணக்கு வழக்கைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஜீப் வாடகையைச் சமமாகப் பங்கு போடுவது எளிது. ஒருங்கிணைப்பாளர் தன் பங்கு இட்லிக்குக் காசு கொடுக்க வேண்டுமா என்பதற்குத்தான் இரண்டு கூட்டம் நடந்தது. கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. தீர்மானத்தை முன்மொழிந்தவர் மாமா.

அதிகாரம் என்றால் என்ன என்று எனக்குக் காட்டியது சித்ரா பௌர்ணமி. மங்கலதேவி மலையில் கண்ணகி கோயில். ஆண்டுக்கு ஒரே நாள். பளியங்குடியிலிருந்து ஆறரைக் கிலோமீட்டர் ஏற்றம், இல்லையென்றால் குமுளியிலிருந்து ஜீப். கோயில் இருப்பது பெரியாறு புலிகள் காப்பகத்தில் என்பதால் தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் முன்கூட்டியே உட்கார்ந்து விதிகளைப் பேசி முடிப்பார்கள். பிளாஸ்டிக் பாட்டில் கூடாது. பிற்பகலுக்குமேல் ஏற விடமாட்டார்கள், இருட்டுமுன் எல்லோரும் இறங்கியாக வேண்டும். பல்லாயிரம் பேர் ஒரே நாளில் ஏறி இறங்குகிற இந்த நடைக்கு எங்கள் கொள்கையில் பாதிகூட இல்லை, எல்லாம் நடக்கிறது.

அதில் தண்ணீர் ஊற்றிக்கொடுக்க எங்கள் குழுவும் போனது. எனக்கு ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். 'தன்னார்வலர்' என்று போட்டிருந்தது. பளியங்குடிப் பாதையில் நின்றேன். மதுரைக்காரர் ஒருவர் பாட்டிலோடு வந்தார். "பாட்டில் கூடாதுங்க" என்றேன். மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார்! திண்டுக்கல் குடும்பம் ஒன்று வந்தது, பையனின் ஷூ நாடா அவிழ்ந்திருந்தது, "கட்டுப்பா" என்றேன், உட்கார்ந்து கட்டினான். அப்பா நன்றி வேறு சொன்னார். எனக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்துவிட்டது. வரிசையை ஒழுங்குபடுத்தினேன். ஓரமாகப் போகச் சொன்னேன். குரலே மாறிவிட்டது என்று பக்கத்தில் நின்ற மச்சினன் சொன்னான்.

அடுத்து நல்ல உயரமாக ஒருவர் வந்தார், பையில் இரண்டு பாட்டில். "அதை இங்க வைங்க" என்று கையை நீட்டினேன். எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு நகரவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"நீங்க கம்பத்துல உரக்கடைதான?"

"ஆமா."

"அட, தேவாரத்துல உங்க வீட்டம்மாவோட பெரியம்மா இருக்காகல்ல, அவுக மூத்த மருமகன் நான். கல்யாணத்துக்கு வந்திருந்தேனே!"

"வாங்க வாங்க, சகலை... நல்லா இருக்கீகளா?"

"நல்லா இருக்கேன், சகலை," என்று என் கையிலிருந்த பாட்டில் இரண்டையும் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு மேலே ஏறினார்.