மாடரேட்டர் பதவிக்கு ஆம்பூரிலிருந்து ஒரு மனு

அனுப்புநர்: தோல் சார்ட்டிங் மேஸ்திரி ஒருவர், ஆம்பூர், திருப்பத்தூர் மாவட்டம்.
பெறுநர்: தலைவர் அவர்கள், தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம், சென்னை.
பொருள்: இணைய விளையாட்டைக் கண்காணிக்கும் பதவி கோருதல் – தொடர்பாக.
பார்வை: 1) 2022-ஆம் ஆண்டுச் சட்டம். 2) 2025 பிப்ரவரி விதிமுறைகள். 3) சனிக்கிழமை சாயங்காலம்.

ஐயா,

எங்கள் தெருப் பையன்கள் சேர்ந்து பிஜிஎம்ஐ என்ற போன் விளையாட்டில் போட்டி நடத்துகிறார்கள். அதற்கு ஒரு மாடரேட்டர் உண்டு. என் அக்கா மகன்தான். "உன்னை எப்படிடா எடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"ரொம்ப நாள் கூட ஆடியிருக்கணும் மாமா. எவன் ஹேக் போடறான், எவன் நெட் போச்சுன்னு பொய் சொல்றான்னு பார்த்ததும் தெரியணும். சண்டைன்னு வந்தா சொந்தக்காரன்னு பார்க்கக் கூடாது. எல்லாரும் ஆடற நேரத்துல முழிச்சிருக்கணும். நாலு பேரைத் தூக்கி வெளியே போடணும்னு ஆசைப்படறவனை மட்டும் வைக்கவே மாட்டாங்க" என்றான்.

தகுதி இவ்வளவுதான் என்றால் அரசாங்க மாடரேட்டராகவே ஆகிவிடலாமே என்று உங்கள் சட்டத்தை எடுத்துப் படித்தேன். மொத்தம் ஐந்து நாற்காலிகள். முதல் நாற்காலிக்குத் தலைமைச் செயலாளர் நிலையில் இருந்து ஓய்வு பெற்றிருக்க வேண்டும். அதற்கு முதலில் அந்த நிலைக்குப் போக வேண்டும். எனக்கு வயது தாண்டிவிட்டது. இரண்டாவது, ஐ.ஜி.யாக ஓய்வு பெற்றவருக்கு. மூன்றாவது தகவல் தொழில்நுட்ப வல்லுநருக்கு, நான்காவது உளவியல் வல்லுநருக்கு. ஐந்தாவதாக இணைய விளையாட்டு நிபுணர். அந்த ஒரு நாற்காலியைப் பார்த்தபோதுதான் துண்டைப் போட்டு வைக்கலாம் என்று தோன்றியது.

என் அனுபவம் பின்வருமாறு. தாடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து தோல் தரம் பிரிக்கிறேன். மாட்டுத் தோலில் உண்ணி கடித்த புள்ளி இருக்கும், முள் கிழித்த கோடு இருக்கும், உரித்தவன் கத்தி பட்ட வெட்டும் இருக்கும். பழுதான தோலை பஃபிங் மெஷினில் கொடுத்து மேல்பக்கத்தைத் தேய்த்து, பிக்மென்ட் அடித்து, பிளேட் வைத்து அழுத்தினால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று வந்து நிற்கும். பில் போடுகிறவர் ஏமாந்துவிடுவார். சார்ட்டிங் மேஜையில் அது நடக்காது. தோலை மடித்துக் கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்தினால், பூச்சுக்கு அடியில் இருப்பது வெளியே வந்துவிடும்.

அதே விரலால் உங்கள் விதிமுறைகளையும் மடித்துப் பார்த்தேன்.

முதல் மடிப்பு: நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் கட்டி ஆடக் கூடாது. நல்ல விதிதான், சென்னை உயர் நீதிமன்றமும் 2025 ஜூனில் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் ஐயா, எங்கள் பக்கம் பீஸ் ரேட்டு ஆட்களுக்கும் கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் கூலி கைக்கு வருவது சனிக்கிழமை சாயங்காலம். ஆறு மணிக்குப் பணம் வருகிறது. ஏழு மணிக்கு டீக்கடை பெஞ்சில் ரம்மி திறக்கிறது. பத்து மணிக்குள் விட்டதைப் பிடிக்க மச்சானிடம் ஐந்நூறு கடன். பதினொன்றரைக்குப் பையில் பஸ்ஸுக்குக் கூடக் காசில்லை. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு உங்கள் ஆணையம் வந்து கதவைச் சாத்துகிறது. மாடு போன பிறகும் தொழுவத்தைப் பூட்டியது பூட்டியதுதான். குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாம் மடிப்பு: பதினெட்டு வயது ஆகாதவர்கள் ஆடக் கூடாது, ஆதார் வேண்டும், ஓடிபி வேண்டும். எங்கள் வீதியில் பாட்டிமார்களின் ஆதாரோடு இணைந்த போன் எல்லாம் பேரன்மார்களின் கையில்தான் இருக்கிறது. ரேஷன் கடை ஓடிபி, கேஸ் சிலிண்டர் ஓடிபி, பென்ஷன் ஓடிபி எல்லாவற்றையும் படித்துச் சொல்லுகிறவர்கள் அவர்கள்தான். உங்கள் கணக்கில், நுணுக்கமாகச் சீட்டு சேர்க்கும் எழுபது வயதுப் பெண்மணிகள் எங்கள் ஊரில் ஏராளம்.

மூன்றாம் மடிப்பு: தொடர்ந்து ஒரு மணி நேரம் ஆடினால், அதற்கு மேல் அரை மணிக்கு ஒரு தடவை எச்சரிக்கை வரும். தோற்றுக்கொண்டிருக்கிறவன் அதைத் தள்ளிவிட எடுக்கும் நேரத்தில் நீங்கள் கண் கூட இமைக்க முடியாது.

இதற்கெல்லாம் உங்களை மட்டும் குறை சொன்னால் பாவம் வந்து சேரும். நீங்கள் பிறந்த கதையே பெரிய கதை. 2020 நவம்பரில் இணையத்தில் பணம் கட்டி ஆடுவதைத் தடுக்க ஓர் அவசரச் சட்டம். 2021 பிப்ரவரியில் அது சட்டமானது. ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022-இல் நீதிபதி சந்துரு குழு, அக்டோபரில் மறுபடி அவசரச் சட்டம், பிறகு மசோதா. 2023 மார்ச்சில் ஆளுநர் திருப்பி அனுப்பினார், சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்றியது, ஏப்ரலில் கையெழுத்து விழுந்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்குத் தடை பொருந்தாது என்றது. ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொன்னதுதான். அன்று சீட்டுக்கட்டும் ஜமக்காளமும் சுற்றி நாலு பேரும் வேண்டும்; பெண்டாட்டி வந்து சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதற்கு ஓர் இடமாவது இருந்தது.

இப்படி எல்லாம் தாண்டி நீங்கள் விதிமுறை போட்ட ஆறே மாதத்தில், 2025 ஆகஸ்டில், பாராளுமன்றம் இரண்டே நாளில் இரண்டு அவையிலும் ஒரு சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. திறமையாவது அதிர்ஷ்டமாவது, பணம் கட்டும் ஆட்டமே கூடாது. நடத்துகிறவனுக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்த சூட்டோடு பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்திக்கொண்டன. டீக்கடை பெஞ்சு மட்டும் காலியாகவில்லை. ஊர் பேர் இல்லாத ஆப் இப்போது ஏபிகே ஃபைலாக வாட்ஸ்அப்பில் வருகிறது. அது ஆதார் கேட்பதில்லை. எச்சரிக்கை காட்டுவதில்லை. நள்ளிரவிலும் தூங்குவதில்லை. கண்காணிக்க வேண்டிய கடை மூடியாயிற்று, கடைக்கு வந்த கூட்டம் பின்சந்தில் நிற்கிறது. இந்தச் சமயத்தில் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவதைப் போல நிம்மதியான உத்தியோகம் வேறு கிடையாது என்பதாலும் விண்ணப்பிக்கிறேன்.

ஆணையம் என்றால் எங்கள் பக்கம் பயப்படவும் மாட்டோம், ஏங்கவும் மாட்டோம். டேனரிக் கழிவால் பாலாறு கெட்டதற்கு 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டேனரி ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. நஷ்ட ஈட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் அதே ஆற்றுக்காக இன்னொரு தீர்ப்பும் இன்னொரு குழுவும் கொடுத்தது. இடையில் பிறந்த குழந்தைகளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது. ஆர்டர் சென்னையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் வரும். தண்ணீரைக் குடித்துப் பார்க்கிறவர் யாரும் கூட வந்ததில்லை.

ஆகவே, நியமனம் கிடைக்கும் பட்சத்தில் நான் செய்ய நினைப்பவை:

ஆணையத்தின் கூட்டம் ஒன்றைச் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு அருகே வைப்பேன். பிரியாணி ஊர்க்காரர்கள் பொறுப்பு. போனை எடுத்து எடுத்துப் பார்க்கும் முகங்களை எண்ணிக்கொண்டிருந்தாலே போதும், தனியாக அறிக்கை தேவையில்லை.

பூட்டும் நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்து வைக்காமல் கூலி நாளைப் பார்த்து வைப்பேன். கரும்பு ஊருக்கு ஒரு நேரம், நெசவு ஊருக்கு ஒரு நேரம், தோல் ஊருக்கு ஒரு நேரம்.

ஆறாவதாக ஒரு நாற்காலி போடுவேன். ஷூ கம்பெனிகளில் அப்பர் தைக்கும் மெஷின்களில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். விடியற்காலை எழுந்து சமைத்து, கம்பெனி பஸ் பிடித்து, தையல் முடித்து, ராத்திரி வீடு திரும்பி, புருஷன் முகத்தைப் பார்த்தே எவ்வளவு போயிற்று என்று ரூபாய்க் கணக்கில் சொல்லிவிடுவார்கள். எவன் பொய் சொல்கிறான் என்று தெரியும், எல்லாரும் ஆடும் நேரத்தில் விழித்திருப்பவர்களும் அவர்களே. என் அக்காவும் அப்படி ஒருத்திதான். அவருக்கு அந்த நாற்காலி கிடைக்குமானால் என் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கச் சம்மதம். ஒரே ஒரு இடைஞ்சல்: சட்டத்தில் சொன்ன எந்தப் பதவியிலிருந்தும் அவர் ஓய்வு பெறவில்லை. எந்த வேலையிலிருந்தும் அவருக்கு ஓய்வு கிடைத்ததில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சார்ட்டிங் மேஸ்திரி.

இணைப்பு: 1) தாயாரின் ஆதார் நகல் (ஓடிபிக்குப் பேரனைக் கேட்கவும்). 2) அக்காவின் சம்பளச் சீட்டு. 3) பிக்மென்ட் அடித்த தோல் துண்டு ஒன்று, மடித்துப் பார்க்கவும்.