முதிர்ந்த தோளும் முளைக்கும் நம்பிக்கையும்

கேள்வி: நன்றாக ஆடும் மூத்த 'பிட்சரை' (பந்துவீச்சாளரை) பேஸ்பால் அணிகள் ஏன் பெயர் தெரியாத இளைஞர்களுக்காகக் கைமாற்றுகின்றன?

பதில்: தோற்றுக்கொண்டிருக்கும் அணி, இன்றைய வெற்றியைத் துறந்து நாளைய அணியைக் கட்டும் 'மறுகட்டமைப்பு' முறையில், மூத்தவரை வெற்றிவாய்ப்புள்ள அணிக்குத் தந்து, கீழ்நிலை லீக்குகளில் பயிலும் 'பிராஸ்பெக்ட்' எனப்படும் இளம் வீரர்களைப் பெறுகிறது. 1987 ஆகஸ்டில் அட்லாண்டா பிரேவ்ஸ், 36 வயது டாயில் அலெக்சாண்டரைக் கொடுத்து, டெட்ராய்ட் டைகர்ஸிடமிருந்து 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸைப் பெற்றது. அலெக்சாண்டர் அப்பருவத்தின் எஞ்சிய வாரங்களில் 9 வெற்றிகளுடன் தோல்வியே காணாமல் டெட்ராய்ட்டைத் தன் பிரிவில் முதலிடத்துக்கு உயர்த்த, ஸ்மோல்ட்ஸோ 213 வெற்றிகள் குவித்து 2015இல் புகழரங்கில் இடம்பெற்றார். ஆயினும் எல்லா இளைஞரும் ஸ்மோல்ட்ஸ் ஆவதில்லை என்பதால், இப்பேரத்தில் உறுதியாகக் கிடைப்பது ரசிகர்களுக்கான பொறுமைப் பயிற்சி மட்டுமே.